வளைந்த நிலைக்கால்

அக்காவுக்கு எதுவும் இருந்தபடி இருக்கக் கூடாது. பஸ் ஸ்டாண்டில் முன்னால் நிற்கிறவளின் ஜாக்கெட்டிலிருந்து நாடா எட்டிப் பார்த்தால், முன்பின் தெரியாதவளாக இருந்தாலும் இரண்டு விரலால் உள்ளே தள்ளிவிடுவாள். டீக்கடையில் பெஞ்சு கோணலாகக் கிடந்தால் டீ ஆறினாலும் பரவாயில்லை, முதலில் பெஞ்சை நேராக்குவாள். என் துப்பட்டா அவள் கையில் பட்ட பாடு தனிக்கதை. வாய் ஏதோ பேசிக்கொண்டிருக்கும், கை பாட்டுக்குத் துப்பட்டாவை இழுத்து என் வயிற்றை மறைத்துவிட்டிருக்கும். எனக்கு அப்போது கல்யாணம்கூட ஆகவில்லை. "என் வயித்துக்கு என்னக்கா?" என்று கேட்டால், "ஒண்ணும் இல்லட்டி. சும்மா ஒரு இழுப்பு," என்பாள்.

அவளோடு வேலை பார்த்து வருஷங்கள் ஆகிவிட்டன. இப்போது மகனோடு கோயம்புத்தூரில் இருப்பதாகக் கேள்வி. அங்கே பஸ் ஸ்டாண்டில் யார் யார் நாடாவைத் தள்ளிக்கொண்டிருக்கிறாளோ தெரியாது.

தென்காசியில் ரத வீதியை ஒட்டிய சந்தில், ஒரு பாத்திரக்கடைக்கு மேலே மாடியில் எங்கள் ஸ்டுடியோ. நானும் அவளும் பக்கத்துப் பக்கத்துக் கம்ப்யூட்டர். ஆல்பத்தில் எந்தப் படம் எந்தப் பக்கத்தில் வர வேண்டும் என்று அடுக்குவது என் வேலை. முகத்தில் இருக்கிற பரு, கன்னத்து எண்ணெய், கண்ணுக்குக் கீழே கருப்பு, இதையெல்லாம் துடைத்து எடுக்கும் டச்சப் வேலை அவளுடையது. ஏசி குளிருக்கு ஒரு மெரூன் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு, நாக்கு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாளானால், மத்தியானச் சோற்றுக்கு நான்தான் உலுக்கி எழுப்ப வேண்டும்.

டச்சப்பில் ஒரு கருவி உண்டு. படத்தில் இருக்கிற எதையும் மவுஸால் பிடித்துத் தள்ளலாம், இழுக்கலாம். பிசைந்த மாவு மாதிரி நகர்ந்து கொடுக்கும். கல்யாணப் பெண்ணின் மேல்கையில் ஒரு தள்ளு, மாப்பிள்ளையின் தாடைக்குக் கீழே ஒரு தள்ளு, இது எல்லா ஸ்டுடியோவிலும் நடப்பதுதான். அக்கா மெனக்கெட்டது பிள்ளை பெற்றவர்களுக்காக. நாற்பத்தொன்றாம் நாள் பேர் விடும் விசேஷத்துப் படங்கள் வந்துவிட்டால் மற்ற வேலையெல்லாம் ஓரமாகப் போய்விடும். பட்டுச்சேலைக்குள் அடங்காத வயிறு, கக்கத்தில் பிதுங்கும் ஜாக்கெட், தூக்கமில்லாமல் ஊதிப்போன முகம். ஒவ்வொன்றையும் நிதானமாக உள்ளே தள்ளுவாள். அநேகமாக யாரும் அவளைக் கேட்டதில்லை. அவளும் யாரிடமும் சொன்னதில்லை.

"கேமராவுக்கு ஈரம் கெடையாதுட்டி. உள்ளத உள்ளபடி புடிச்சிரும். நாமதான் கொஞ்சம் ஈரம் காட்டணும்," என்பாள்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. வயிற்றைத் தள்ளும்போது வயிறு மட்டும் நகராது, அதற்குப் பின்னால் இருப்பதும் சேர்ந்தே நகரும். வெறும் சுவர் என்றால் தெரியாது. எங்கள் பக்கத்தில் விசேஷப் படம் என்றால் மஞ்சள் குங்குமம் வைத்த வாசல் நிலைக்கு முன்னால்தான் நாற்காலியைப் போடுவார்கள். இடுப்பைத் தள்ளத் தள்ள நிலைக்காலும் வளையும். வேலை முடிந்ததும் அதைப் பிடித்து மறுபடி நேராக்க வேண்டும். அக்கா மறக்கிறவள் இல்லை. ஆனாலும் முகூர்த்த மாதங்களில், நாளைக்கு நாலு ஆல்பம் போக வேண்டிய அவசரத்தில், எப்போதாவது ஒன்று தப்பிவிடும்.

அப்படித் தப்பிய ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஒரு நாள் ஒரு ஆசாரி மாடியேறி வந்துவிட்டார். அச்சன்புதூரில் ஒரு வீட்டுக்கு நிலை வைத்தவர் அவர். அந்த வீட்டு ஆல்பத்தில் தன் நிலையைப் பார்த்திருக்கிறார். கையில் ஆல்பம், மடியில் நேர் பார்க்கிற தூக்குக்குண்டு. "நாப்பது வருசமா நெல வைக்கேன். ஒரு நூல் கோணிச்சுன்னு ஒரு பய சொன்னதில்ல. இதுல என்னடான்னா வாழைமட்ட கணக்கா வளைஞ்சு நிக்கி. அந்த வீட்டுக்காரர் வாசல்ல நின்னு என்னையும் நெலயையும் மாறி மாறிப் பாக்காரு!" என்று கத்தினார். ஆல்பத்தின் மேலேயே தூக்குக்குண்டைப் பிடித்துக் காட்டவும் செய்தார். நிலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெண்ணின் இடுப்பை அவர் பார்க்கவே இல்லை. லென்ஸில் கோளாறு என்று அக்கா கூசாமல் புளுகினாள். அந்தப் பக்கத்தைப் புதிதாக அடித்துக் கொடுத்து, டீயும் வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தோம்.

மற்றபடி எங்கள் ஆல்பத்துக்கு நல்ல பேர். "உங்ககிட்ட எடுத்தா மட்டும் எப்படித்தான் இம்புட்டு லட்சணமா விழுதோ," என்று யாராவது சொன்னால், முதலாளி அண்ணாச்சி அது தன் கேமராவுக்குக் கிடைத்த பாராட்டு என்று நினைத்துக்கொள்வார். சிலர் கேட்டும் வாங்கினார்கள். ஒரு மாமியார் போன் பண்ணி, மருமகளைக் கொஞ்சம் ஒல்லியாக்கச் சொன்னார். அக்கா சரி என்றாள். "அப்படியே எனக்கும் ஒரு பத்து கிலோவ எடுத்துருங்க. அவளுக்குப் பக்கத்துல நான் குண்டாத் தெரியக் கூடாதுல்லா," என்றார். போனை வைத்துவிட்டு நாங்கள் சிரித்த சிரிப்பில் அண்ணாச்சி வெளியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

ஆனி மாதம் சாரல் பிடித்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் குற்றாலம் போனோம். மெயின் அருவியில் பெண்கள் பக்கம் நான் போய் முதுகைக் கொடுத்துவிட்டு வந்து பார்த்தால், அவள் பைகளை மடியில் வைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்திருந்தாள். தண்ணீருக்குள் போகிறவர்களையும் வருகிறவர்களையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அருவியில் வந்து வயிற்றை யார் மறைக்கிறார்கள்? ஈரத்துணி உடம்போடு ஒட்டிக்கொள்ள, தொப்பையும் தொடையுமாக, ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்துக்கொண்டு அலறுவதும் சிரிப்பதுமாக இருந்தார்கள்.

"என்னக்கா அப்படிப் பாக்கீங்க?"

"கை நமநமங்குது. அந்தா, அந்தப் பச்ச நைட்டி. புள்ள பெத்து அஞ்சு மாசம் இருக்கும். எடது பக்கம் ரெண்டு தள்ளு தள்ளினாப் போதும்."

"அவ சந்தோசமாத்தான இருக்கா."

"இப்ப இருக்கா. யாராவது ஒரு போட்டோ எடுத்து அவகிட்ட காட்டட்டும். பெறவு பாரு."

அன்றைக்குத்தான் அவள் கதையைச் சொன்னாள். மூத்தவனுக்குப் பேர் விட்ட ஆல்பம் வீட்டுக்கு வந்த நாளில், உறவுக்காரர்கள் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து புரட்டியிருக்கிறார்கள். ஒரு படத்தில் விரலை வைத்து யாரோ, "ஏளா, உள்ள இன்னும் ஒண்ணு இருக்கோ?" என்று கேட்க, வீடே சிரித்திருக்கிறது. அவள் வீட்டுக்காரரும் சேர்ந்து சிரித்திருக்கிறார். அதன் பிறகு அவள் எந்தப் படத்திலும் நிற்கவில்லை. மகனின் பிறந்தநாள், மகளின் காதுகுத்து என்று எல்லாவற்றிலும் கேமராவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

"அந்த ஒரு போட்டோவ மட்டும் ஆல்பத்துலருந்து உருவி, மடிச்சு ஒளிச்சு வச்சிட்டேன். கிழிக்க மனசு வரல. புள்ள நல்லா விழுந்திருக்கான்லா," என்றாள்.

திரும்பும்போது ஒரு செல்ஃபி எடுக்கப் பார்த்தேன். பையைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டாள்.

அந்த வருஷம் கார்த்திகை வாக்கில் சுரண்டையிலிருந்து ஒரு பெண் வந்தாள். கூட அவள் அம்மா. அம்மாவின் இடுப்பில் ஐந்து மாதப் பிள்ளை, கையில் கட்டைப்பை. அந்தப் பெண்ணால் பத்து இருபது படி ஏற முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று மூச்சு வாங்கினாள். உதடு வெடித்திருந்தது. இடுப்பில் இறுக்கிக் கட்டியிருந்த பெல்ட் சுடிதாருக்கு மேலேயே தெரிந்தது.

பிள்ளைக்கு முதல் சோறு ஊட்டும் படம் எடுக்க நாள் குறிக்க வந்திருந்தார்கள். இப்போது வேண்டாம், அடுத்த மாதம் என்றாள். புருஷன் துபாயிலிருந்து அப்போதுதான் லீவில் வருகிறானாம். கட்டைப்பையிலிருந்து எங்கள் ஆல்பத்தை எடுத்து ஒரு பக்கத்தை விரித்தாள்.

"இதே சேலையில, இதே மாதிரி வரணும்க்கா. பெத்து நாப்பத்தோராம் நாளு நான் இப்படி இருந்திருக்கேன், பாருங்க. இப்ப எப்படி ஊதிட்டேன்! அவிய போன்ல இந்தப் படத்தத்தான் வச்சிருக்காவ. வீடியோ கால்ல மூஞ்சிய மட்டும் காட்டிச் சமாளிச்சுக்கிட்டு வாரேன். நேர்ல பாத்தா என்ன சொல்லுவாவ?"

"எம்மா, நீங்களாவது இவளுக்குச் சொல்லுங்க," என்று அவள் அம்மா ஆரம்பித்தார். "காலைல கொள்ளுத்தண்ணி. மத்தியானம் ஒரே ஒரு கோதும தோசை. பெறவு ஒண்ணும் கெடையாது. தண்ணி குடிச்சா வயிறு போடும்னு அதையும் அளந்து குடிக்கா. போன வாரம் அடுப்படில தல சுத்தி விழுந்துட்டா. கையில புள்ள இருந்திருந்தா என்ன ஆவும்? பாலும் வத்திட்டு. இப்ப டப்பாப்பாலுதான். புள்ளைக்கு எட ஏறலன்னு நர்சம்மா ஏசுதாவ."

"சும்மா இரும்மா. நாப்பது நாள்லயே கொறைஞ்ச உடம்புதான இது? நீ ஊட்டி ஊட்டித்தான் ஏறிட்டு," என்றாள் மகள்.

நான் ஆல்பத்தைப் பார்த்தேன். நீலப் பட்டில் அவள், மடியில் பிள்ளை, பின்னால் வாசல் நிலை. வலது நிலைக்கால் அவள் இடுப்பருகே வில்லாக வளைந்திருந்தது. அதில் வைத்திருந்த குங்குமப் பொட்டுகளும் வரிசையாக வளைந்து போயிருந்தன. அந்தப் பக்கத்தை அடுக்கியது நான். அடுக்கும்போது என் கண்ணிலும் படவில்லை.

அக்காவும் பார்த்துவிட்டாள். மவுஸை விட்டுவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டாள். "நீ நல்லாத்தான் இருக்கம்மா," என்றாள். "சும்மா சொல்லாதீங்கக்கா," என்று அந்தப் பெண் ஆல்பத்தை மூடினாள். நாள் குறித்துக்கொண்டு கிளம்பினார்கள்.

எங்கள் கடையில் ஒரு சட்டம் உண்டு. கேமராவில் விழுந்த படத்தை வாடிக்கையாளருக்குக் காட்டவே கூடாது. ஒருத்தருக்குக் காட்டினால் ஊரே தன் ஆல்பத்தைச் சந்தேகப்படும் என்பார் அண்ணாச்சி. அன்று அவர் பழைய குற்றாலத்துக்கு ஒரு கல்யாண ஜோடியைப் படம் எடுக்கப் போயிருந்தார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நீங்க சொல்லுதீங்களா, நான் போய்ச் சொல்லட்டா?" என்றேன். "அந்தப் பிள்ள நீங்க தள்ளின வயித்தப் பாத்துப் பட்டினி கெடக்குக்கா," என்றேன். எத்தனையோ மாதம் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்த எனக்கு அந்தக் கோபத்துக்கு என்ன யோக்கியதை என்று இப்போது தோன்றுகிறது. ஆனாலும் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்ள மாட்டேன்.

அக்கா செருப்புகூடப் போடாமல் இறங்கி ஓடினாள். சுரண்டை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டவர்களை இறக்கிக் கூட்டிக்கொண்டு வந்தாள். பழைய ஹார்ட் டிஸ்கைத் தேடி எடுத்து மாட்டி, இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்தாள். இடது பக்கம் ஆல்பத்துக்குப் போன படம். வலது பக்கம் கேமராவில் விழுந்த படம்.

"இது நான் தள்ளினது. இதுதான் நீ," என்றாள்.

வலது பக்கத்துப் படத்தில் நிலைக்கால் நேராக நின்றது. அவள் வயிறு நன்றாகவே முன்னால் தள்ளியிருந்தது. பிள்ளை அதில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தது. இடது பக்கத்தில் அது எதன் மேல் சாய்ந்திருக்கிறது என்றே தெரியவில்லை.

அந்தப் பெண் திரைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். "அப்ப நான் மெலிஞ்சிருக்கேனா?" என்று கேட்டாள்.

"ரொம்ப மெலிஞ்சிருக்க."

இனிமேல் சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை. "யாரு தள்ளச் சொன்னா? அவியளா?"

"யாரும் சொல்லலம்மா. நானாத்தான். நீ ஆல்பத்த ஆசையாப் பாக்கணுமேன்னு."

அவள் அம்மாவிடமிருந்து பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். "எம்பிள்ளைக்குப் பாலு போயிட்டேக்கா," என்றாள். சத்தம் போடவில்லை, அழவும் இல்லை.

அக்கா எழுந்து நின்றாள். காலில் விழுந்துவிடுவாளோ என்று பயந்தேன். விழவில்லை. "ஆமா," என்று மட்டும் சொன்னாள்.

கேமராவில் விழுந்த அந்தப் படத்தைத் தன் போனுக்கு அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டாள் அந்தப் பெண். அங்கே நின்றபடியே புருஷனுக்கு அனுப்பினாள். நீல டிக் விழுந்தது. பதில் வரவில்லை. பிறகு உடை மாற்றும் அறைக்குள் போய்ப் பெல்ட்டைக் கழற்றிக் கட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தாள். அக்காவின் டப்பாவில் தயிர்ச்சோறு இருந்தது. வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே, டப்பா காலியாகும்வரை சாப்பிட்டாள். அவர்கள் பஸ்ஸுக்குக் கிளம்பும்வரை போனில் பதில் வரவில்லை. அடுத்த மாதம் படம் எடுக்கவும் வரவில்லை. பால் திரும்பியதா, புருஷன் என்ன சொன்னான், எங்களுக்கு எதுவும் தெரியாது.

அண்ணாச்சிக்கு விஷயம் எப்படியோ எட்டிவிட்டது. "கடையப் பூட்டிச் சாவிய என் கையில குடுத்துட்டு ரெண்டு பேரும் போங்க," என்று குதித்தார். குதித்தாரே தவிர, எங்களை அனுப்பிவிடவில்லை.

அவள் திருந்திவிட்டாள் என்று சொல்ல மாட்டேன். பெஞ்சையும் நாடாவையும் விடவில்லை. ஆனால் பேர் விடும் ஆல்பம் வந்தால் அந்தத் தாய்க்குப் போன் போட்டு, "வயித்தத் தள்ளவா, இருந்தபடி விடவா?" என்று முகத்தில் அடித்தாற்போலக் கேட்பாள். புருஷன் எடுத்தால், "அவங்ககிட்ட குடுங்க," என்பாள். பெரும்பாலானவர்கள் தள்ளத்தான் சொன்னார்கள். அவளும் தள்ளிக் கொடுத்தாள். கூடவே பின்னட்டையில் ஒரு கவர் ஒட்டி, கேமராவில் விழுந்த படத்தை அஞ்சலட்டை அளவில் பிரிண்ட் போட்டு உள்ளே வைத்துவிடுவாள். கடையில் அது எனக்கும் அவளுக்கும் மட்டும்தான் தெரியும்.

கல்யாணமாகி நான் சிவகிரிக்கு வந்தேன். மகள் பிறந்தாள். பார்க்க வந்தவர்கள் தொட்டிலைப் பார்ப்பதற்கு முன்னால் என் வயிற்றைத்தான் பார்த்தார்கள். "ஆபரேசன்னா அப்படியே நின்னுரும்," என்று ஒருத்தி துக்கம் விசாரிப்பதுபோலச் சொன்னாள். நானும் பெல்ட் வாங்கினேன். எனக்குத் தெரியாத கதையா? தெரிந்தும் வாங்கினேன். காலையில் இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொண்டேன்.

பேர் விட்ட அன்று அண்ணாச்சியே வந்து படம் எடுத்தார். அக்காவிடமிருந்து போன் வரும் என்று காத்திருந்தேன். தள்ளுங்க என்று சொல்லத் தயாராக இருந்தேன். போன் வரவில்லை. ஆல்பம்தான் பஸ் பார்சலில் வந்தது.

விரித்ததும் நான் முதலில் பார்த்தது மகளையும் அல்ல, என்னையும் அல்ல. நிலைக்காலைத்தான். எல்லாப் பக்கத்திலும் நேராக இருந்தது. அதற்கு முன்னால் என் வயிறு இருந்தபடி இருந்தது. எனக்கு வந்தது கோபம்தான். ஊரில் உள்ளவளுக்கெல்லாம் ஈரம் காட்டியவள் எனக்கு மட்டும் காட்டவில்லை என்று அழுகையே வந்துவிட்டது. உடனே போன் போட்டேன்.

"என்கிட்ட ஏங்க்கா கேக்கல?"

"கேட்டா தள்ளச் சொல்லியிருப்ப."

"சொல்லியிருப்பேன்தான்."

"அதான் கேக்கல," என்றாள். தள்ளினாலும் சரி, விட்டாலும் சரி, கேட்காமல் செய்வது அவள் குணம். "பின்னட்டையப் பாத்தியாட்டி?"

"உள்ளதே உள்ளபடி இருக்கு. பின்னட்டைல வேற என்ன இருக்கப் போவுது?"

"பாரு. பாத்துட்டுச் சாப்பிடு," என்று வைத்துவிட்டாள்.

கவரில் ஒரு பழைய படத்தின் புது பிரிண்ட் இருந்தது. நடுவில் மடிப்புக் கோடு. யார் படத்தில் என்ன கீறல் இருந்தாலும் துடைத்துவிடுகிறவள், அதை அப்படியே விட்டிருந்தாள். மஞ்சள் குங்குமம் வைத்த நிலைக்கு முன்னால் ஒரு நாற்காலி. அதில் அரக்குப் பட்டு கட்டிய இருபத்திரண்டு வயது அக்கா. மடியில் மூத்தவன். அவள் சொன்னது சரிதான், பிள்ளை நன்றாகவே விழுந்திருந்தான். அவள் வயிறு என் வயிற்றைவிடப் பெரிதாக இருந்தது. அதைப் பற்றி அவளுக்கு எந்த நினைப்பும் இல்லை. கடைவாய்ப் பல் தெரிய, கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். உள்ளே இன்னும் ஒன்று இருக்கிறதோ என்ற அந்தக் கேள்வியை அவளிடம் இன்னும் யாரும் கேட்டிருக்கவில்லை.